வால் ஒடிகிற ஊசி

என் மகள் மாலிஸின் விரலில் ஊசி குத்திய அன்று நான் சுகாதார நிலையத்து வாசலில் உட்கார்ந்து அரிசி நூடுல்ஸின் மேல் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கடை அங்கேதான். உள்ளே ஊசி போடுகிற நர்ஸ் மாலிஸ்தான். ஜன்னல் நேர் எதிரே இருக்கிறது. யார் வருகிறார்கள், கையில் ஊசி வாங்குகிறார்களா இடுப்பில் வாங்குகிறார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பேன்.

யோன் அண்ணன் தன் மருமகன் ஹெங்கை அழைத்து வந்திருந்தார். ஹெங் தாய்லாந்து மீன்பிடிப் படகில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். போகும்போது எருமைக்கன்று மாதிரி போனான். திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. உடம்பு தேறட்டும், வைட்டமின் ஊசி போடு என்று மாமனார்தான் பிடித்து இழுத்து வந்தார். ஊசியும் அவர் வீட்டிலிருந்தே வந்தது.

எங்கள் பக்கம் அப்படித்தான் இருந்தது. தடுப்பூசி என்றால் அரசாங்கச் சிரிஞ்சு. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு ஊசி. சந்தையில் வாங்கி, டப்பாவில் போட்டு, சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். காய்ச்சல் வந்தால் அதை எடுத்துக்கொண்டு வருவார்கள். போட்டு முடிந்ததும் வாங்கிப்போய்க் கழுவி வைப்பார்கள். ஊர் ஊசி என்றால் எவன் எவன் ரத்தமோ, நம் வீட்டு ஊசியில் நம் வீட்டு ரத்தம்தானே என்பது பேச்சு. கேட்டால் சரியாகத்தான் தோன்றும்.

மாலிஸ் ஊசி போட்டாள். யோன் அண்ணன் அதைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். பெரியவர்களுக்கு ஒரு பொருளை ஒற்றைக் கையால் கொடுப்பது எங்களிடம் கிடையாது. உப்பு கேட்டால்கூட இரண்டு கையாலும்தான் கொடுப்போம். திறந்த ஊசியை அப்படிக் கொடுக்க முடியாது. அதனால் ஒரு கையில் குழலையும் ஒரு கையில் மூடியையும் பிடித்து மூடிவிட்டுக் கொடுப்பாள். அன்றைக்கு மூடும் நேரம் பார்த்து யோன் அண்ணன் ஏதோ வேடிக்கை சொன்னார். பெரியவர் பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று அவள் நிமிர்ந்தாள். அவ்வளவுதான்.

ஊசி அவள் விரலில் இறங்கியது. ஊசியை மூடி இரண்டு கையாலும் கொடுத்தாள். தலை குனிந்தாள். அவர்கள் படியிறங்கும் வரை நின்றாள். பிறகு குழாயடிக்குப் போய் இடது கை விரலைத் தண்ணீரில் பிடித்தாள். நான் குழம்பை மூடிவைத்துவிட்டுப் போனபோது தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. குத்திடுச்சு."

"அவனுக்குப் போடறதுக்கு முன்னாடியா, போட்டப்புறமா?"

குழாயை மூடினாள். "போட்டப்புறம்."

தாய்லாந்துப் படகுக்குப் போன ஆண்களில் சிலர் அப்படி மெலிந்து திரும்பியதை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டோம். படகுக் காய்ச்சல் என்போம். மாலிஸ் அன்று படித்துறைக்குப் போகும் வழியில் பெயரைச் சொல்லிவிட்டாள். எய்ட்ஸ் என்றாள். எனக்குக் காலில் செருப்பு நிற்கவில்லை.

மாகாண ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. அங்கே ஒரு டாக்டரம்மா அவளிடம் எல்லாவற்றையும் கேட்டார். அந்த ஆளைக் கூட்டி வர முடியுமா, அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும் என்றார். மறுநாள் காலை நான் யோன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஹெங் இல்லை.

"படகுல கூப்பிட்டாங்க, போயிட்டாரு" என்றாள் அவன் பெண்டாட்டி சொக்னி. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள்.

"போன் போட்டுப் பாரேன்."

"கடல்ல எடுக்காது சித்தி."

ஆகவே எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாலிஸ் ஒரு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். மழை முடியுமுன் ஒரு தடவை ரத்தம் பார்ப்பார்கள். அறுவடை முடிந்து கடைசியாக ஒரு தடவை பார்ப்பார்கள். அந்தக் கடைசி ரத்தத்தில் இல்லையென்றால் இல்லை. அதுவரை யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

மாலிஸ் எல்லைப்புற அகதி முகாமில் பிறந்தவள். நடக்கத் தொடங்கியதிலிருந்து மூங்கில் ஆஸ்பத்திரியில்தான் கிடப்பாள். அங்கே கட்டுத்துணி சுருட்டித் தருவது அவளுக்கு விளையாட்டு. ஊர் திரும்பியபோது சீழைப் பார்த்து முகம் சுளிக்காத பெண் அவள் ஒருத்திதான், அதனாலேயே பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவள் ஊசி போட்டால் குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். சமையல் மட்டும் வராது. அவள் வைக்கிற குழம்பை எங்கள் நாய் இப்போதும் யோசித்துத்தான் நக்கும். அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். அந்த மழைக்காலம் முழுக்க அந்தத் தோள் குலுங்கி நான் பார்க்கவில்லை.

மாத்திரை அவளைப் புரட்டிப் போட்டது. காலையில் விழுங்குவாள், மூங்கில் தரையில் ஒரு கையை ஊன்றியபடி ஓங்கரிப்பாள், வாயைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவாள். தனக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை என்று ஒதுக்கினாள். மகள் கன்ஹாவை என் பாயில் படுக்க வைத்தாள். தட்டாலும் பாயாலும் ஒட்டாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதை நான் கேட்டேன்.

"தெரியும்மா" என்றாள். "தெரிஞ்சாலும் கை அப்படிப் போகுது."

நான் அந்தத் தனித்தட்டிலேயே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். அவள் வேறு தட்டு எடுத்தால் அந்தத் தட்டிலும் சாப்பிட்டேன். மூன்றாவது தட்டு எங்கள் வீட்டில் நல்லதாக இல்லை, அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் கணவன் சாரெத் புனோம் பென்னில் கட்டட வேலையில் இருந்தான். விஷயம் தெரிந்ததும் வந்தான், கிழியாத வலையை எடுத்துத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தன்னைப் பற்றிய பயத்துக்கு நடுவே அவளுக்கு இன்னொரு பயம் இருந்தது. ஹெங்குக்குப் போட்ட ஊசி யோன் அண்ணன் வீட்டு டப்பாவுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. முட்டிவலிக்கு அவர் அதில்தான் போட்டுக்கொள்வார். சொக்னிக்கும் அதுதான். மாலிஸ் அவர் வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். ஊரில் வயதான ஆண் எல்லாரும் அவளுக்குத் தாத்தாதான்.

"தாத்தா, அந்த ஊசிய இனிமே யாரும் போட்டுக்காதீங்க. நீங்களும் சொக்னி அக்காவும் ஒரு தடவ வந்து ரத்தம் குடுத்துப் பாத்துடலாம்."

"என் ரத்தத்துல என்ன கண்ட நீ?"

"ஒண்ணும் காணல. பாத்துக்கிட்டா நல்லது."

"எங்கப்பா காலத்துலருந்து இந்த வீட்டப் பத்தி ஒருத்தன் வாயத் தொறந்ததில்ல. நீ வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து தொறக்குற." அவர் கத்தவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டேதான் சொன்னார். "ஒம் மவளக் கூட்டிட்டுப் போ தங்கச்சி. அவளுக்குக் கண்ணு உள்ள போயிருக்கு. தூங்கச் சொல்லு."

சொக்னி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் பாதம் மட்டும் தெரிந்தது.

லியாங் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கி அப்போது கொஞ்ச காலம் ஆகியிருந்தது. புனோம் பென்காரப் பையன், படித்தவன், இரண்டு எட்டு வைத்தாலே வியர்த்துவிடும். அவனும் அவன் கூட்டாளிகளும் ஒரு தடவைக்கு மேல் பயன்படாத ஊசி செய்கிறவர்கள். வெளிநாட்டில் செய்தது இருக்கிறது, ஆனால் இங்கே போடுகிற கைக்கும் வாங்குகிற ஆளுக்கும் ஒத்துவர வேண்டும் என்று மாதிரி செய்து கொண்டுவந்து சுகாதார நிலையங்களில் கொடுத்துப் பார்ப்பான். ஒரு தடவை அழுத்தினால் தண்டு பூட்டிக்கொள்ளும், திரும்ப இழுக்க வராது. அதுதான் முதல் மாதிரி.

அது முதல் நாளே தகராறு செய்தது. எங்களிடம் பாதி மருந்து தூளாகத்தான் வரும். முதலில் குப்பிக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி, பிறகுதான் மருந்தை உறிஞ்ச வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சியதுமே ஊசி தன் வேலை முடிந்ததென்று பூட்டிக்கொண்டது. கலக்குவதற்குத் தனியாக ஒரு குழல் செய்து கொண்டுவந்தான். அது சரியாயிற்று. ஆனால் ஜனங்கள் பூட்டிய ஊசியையும் கேட்டு வாங்கிப் போனார்கள். யோன் அண்ணன் ஒன்றை அடுப்பில் காய்ச்சிய கத்தியால் நெம்பித் திறந்து, திறந்ததை லியாங்கிடமே கொண்டுவந்து காட்டினார்.

"பூட்டு நல்லா இல்ல தம்பி. நான் சரி பண்ணிட்டேன்" என்றார்.

லியாங் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்று என்னிடம் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டான்.

இதெல்லாம் மாலிஸுக்குக் குத்துவதற்கு முன்பு. குத்திய பிறகு லியாங் வந்தபோது அவள் விரலைக் காட்டினாள். அவன் அதைக் குனிந்து பார்த்தான். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஊசி குத்திய இடம் மறுநாளே மூடிக்கொண்டுவிட்டது.

"மூடியில ஆரம்பி தம்பி" என்றாள். "ஒரு தடவ கழட்டினா திரும்ப மாட்டவே கூடாது. மாட்ட முடியும்னா எவளாவது மாட்டுவா."

"கிழியுற மூடி பண்ணலாம் அக்கா. அவரக்கா மாதிரி ரெண்டாப் பிளந்துடும். ஆனா அப்புறம் தொறந்த ஊசி கையில நிக்குமே."

"நிக்கட்டும். நேரா பெட்டியில போட்டுருவேன். யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அப்படியே செய்தாள். வீட்டு ஊசியைத் தொடமாட்டேன் என்றாள். புது ஊசியில் போட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போட்ட ஊசிகளை எறிகிற அட்டைப் பெட்டிக்குள் தள்ளினாள். நாலு நாள் போனது. ஜனங்கள் பெட்டியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். பெரியவர்கள் நீட்டிய கை வெறுமனே மடங்கிப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்களுக்குப் போட்டதை எங்களிடம் கொடுக்காமல் பெட்டியில் போடுகிறாளே, சாயங்காலம் எடுத்து அடுத்தவனுக்குப் போடுவாளோ என்று ஒருத்தி என் கடையில் உட்கார்ந்தே சொன்னாள். என் குழம்பைக் குடித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு நான் இரண்டாம் கரண்டி ஊற்றவில்லை.

கால்வாய்க்கு அந்தப்புறம் பன்றிக்கும் மனுஷனுக்கும் ஊசி போடுகிற ஒருவர் இருந்தார். ஜனங்கள் வீட்டு ஊசியை எடுத்துக்கொண்டு அங்கே போகத் தொடங்கினார்கள். மாலிஸின் பெஞ்சு காலியானது. பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அவள் செய்தது எல்லாரையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. அவளுக்கு அது தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது.

மழைக்காலத்து ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டரம்மா, "நல்லதுதான், ஆனா இன்னும் முடிவுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். நான் அந்த முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். மாலிஸ் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னோருக்குச் சோற்றுருண்டை வைக்கும் பதினைந்து நாள் முடிந்த கையோடு லியாங் அடுத்த மாதிரியைக் கொண்டுவந்தான். இதில் பூட்டு கிடையாது. மருந்து முழுக்க இறங்கியதும் கட்டைவிரலை ஒரு பக்கமாகச் சாய்த்தால், அழுத்துகிற தண்டின் வெளி முனை ஒடிந்து தனியே வந்துவிடும். உள்ளே மிச்சமிருப்பதை எந்தக் கத்தியாலும் நெம்ப முடியாது, பிடிக்கவே ஒன்றும் இருக்காது. ஒடிகிற முனையை வால் என்றோம்.

பம்பளிமாஸ் பழத்தில் குத்திப் பார்த்தார்கள். முதல் வால் பறந்து ஜன்னல் வழியாக வந்து என் குழம்புப் பானையில் விழுந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்று லியாங் ஓடி வந்தான்.

"வந்தவங்களுக்கெல்லாம் மருந்துக் குழம்புன்னு சொல்லி வித்துடறேன், போ" என்றேன்.

வால் இப்படித் தெறிப்பதுதான் அவனுக்குக் கவலை. தரையெல்லாம் குப்பையாகும், குழந்தைகள் மிதிக்கும், அந்தத் துண்டு ஒடிந்தும் ஊசியோடு தொங்கிக்கொண்டே பெட்டிக்குள் போகும்படி மாற்ற வேண்டும் என்றான். அப்போது உள்ளே இருமலுக்கு ஊசி வாங்க ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். மாலிஸ் போட்டாள். வால் ஒடிந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஊசியைப் பெட்டியில் தள்ளினாள். கிழவி வழக்கம்போல் கையை நீட்டினாள். மாலிஸ் யோசிக்கவில்லை, இரண்டு கையாலும் அந்த வாலைக் கொடுத்தாள். கிழவி கைகூப்பி வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதில்லாம அந்த ஊசி வேல செய்யாதா?"

"செய்யாது பாட்டி. இனிமே அத யாருக்கும் போட முடியாது."

"எனக்கும் முடியாது, ஒனக்கும் முடியாது."

"ஆமா."

கிழவி அதைத் தலைத்துண்டின் முனையில் முடிந்துகொண்டு எழுந்தாள். லியாங்கும் மாலிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாலை ஊசியோடு தொங்கவிடும் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு அவர்கள் போட்ட சண்டை கொஞ்சமா. ஒடிந்த முனை கூராக இருந்தது. கூர் இருந்தால் கொடுக்க மாட்டேன் என்றாள் மாலிஸ். மழுக்கினால் ஒடியவில்லை. எளிதாக ஒடியும்படி செய்தால் அழுத்தும்போதே பாதி மருந்தில் ஒடிந்து போயிற்று. ஒரு துளி ரத்தமோ மருந்தோ வால்வரைக்கும் வரக்கூடாது, அதற்காகக் குழலுக்குள் ஒரு தடுப்பு வைத்தான். அவன் ஊருக்குப் போவான், கொஞ்ச நாளில் வேறு ஒரு பையோடு வருவான். மாலிஸ் பழத்தில் குத்துவாள். அவள் கை லேசாக நடுங்குவதை நான் கவனித்தேன். நடுங்குகிற கைக்கும் ஒடிய வேண்டும் என்றுதான் அவனிடம் சொன்னாள், தன் கை என்று சொல்லவில்லை.

"மேல இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க அக்கா" என்றான் ஒரு நாள். "அச்சு மறுபடி வெட்டணும். ஒடிஞ்ச துண்டு வெறும் குப்பை, அதுக்கு எதுக்கு இவ்வளவு வேலைங்கிறாங்க."

"அவங்க ஊசி போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"நான் மூடி போடக் கூடாது, ஊசியக் குடுக்கக் கூடாது, சரி. பெரியவங்க கை நீட்டினா அதுல வைக்க என்கிட்ட வேற என்ன இருக்கு? அதப் போய்ச் சொல்லு."

அவன் போய்ச் சொன்னான். எப்படிச் சொன்னானோ, மழுங்கிய முனையோடு, வாலுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்துச் செய்துகொண்டு வந்தான். ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்வாய்க்கு இந்தப்புறம் திரும்பினார்கள். வாலைக் கொண்டுபோய் வீட்டில் காட்டினார்கள். என் கடையில் உட்கார்ந்து பெட்டியைப் பற்றிப் பேசியவளும் வந்தாள். அவளுக்கு இரண்டாம் கரண்டி ஊற்றினேன்.

யோன் அண்ணன் வரவில்லை. வராததோடு நிற்கவில்லை, காப்பிக் கடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். எனக்குக் கேட்கும்படியே பேசினார்.

"மாலிஸ் விரல்ல குத்தினது என் வீட்டு ஊசி. அறுப்பு முடிஞ்சு அவ ரத்தம் பாக்கப் போறா. அவளுக்கு ஒண்ணுமில்லன்னு வரட்டும். அப்ப என் ஊசி நல்ல ஊசி, என் வீடு நல்ல வீடு. இதுக்கு மேல என்ன பரிசோதன வேணும்?"

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் பலர் மஞ்சள் வாலை வாங்கிக்கொண்டே வீட்டு டப்பாவையும் எறியாமல் வைத்திருந்தார்கள். மாலிஸின் ரத்தம்தான் அந்த டப்பாக்களுக்கெல்லாம் தீர்ப்பு என்பது போல ஊர் காத்திருந்தது. இதை நான் அவளிடம் வந்து சொன்னேன். அவள் விறகு தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவர் முட்டிக்கு இப்பவும் போட்டுக்கிறாரா?"

"போட்டுக்கிறாரு. கால்வாய்க்காரன் வந்து போட்டுட்டுப் போறான்."

"சொக்னி அக்கா?"

"அவ இளைச்சிருக்கா" என்றேன்.

அறுவடை முடிந்தது. ஆற்றில் தண்ணீர் இறங்கி, படித்துறைக்குக் கீழே சேற்றில் பலகை போட்டிருந்தார்கள். நானும் மாலிஸும் காலைப் படகில் போனோம். அவள் ரத்தம் கொடுத்தாள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன, மூங்கில் குழாயில் சுட்ட சோற்றை உரித்து அவள் கையில் வைத்தேன், அது அப்படியே இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தவரின் குழந்தை என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றது. நான் புத்தரை நினைத்தேன், தர்மத்தை நினைத்தேன், என் செத்துப்போன புருஷனையும் கூப்பிட்டேன், யார் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் வரட்டும் என்று. கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

"இல்லை" என்றார் டாக்டரம்மா. "முடிஞ்சுது. உங்களுக்கு இல்லை."

மாலிஸ் அழவில்லை. "ஒரு ஊசியில அந்த நோய் இருந்தும், குத்தினவங்களுக்கு வராம இருக்கலாம் இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள்.

"நிறைய பேருக்கு வராது. நீங்க மாத்திரையும் சாப்பிட்டீங்க. ஊசியப் பத்தி உங்க ரத்தம் எதுவும் சொல்லாது."

திரும்பும் படகில் நான் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா, யாருகிட்டயும் சொல்லாத."

"என்னடி இது, நல்ல சேதியையா மறைக்கச் சொல்ற?"

"சொன்னா யோன் தாத்தா நாளைக்கே டப்பாவ எடுத்துக்கிட்டுக் காப்பிக் கடைக்கு வந்துடுவாரு. ஊரே எடுக்கும். அப்புறம் சொக்னி அக்கா எந்தக் காலத்துலயும் ரத்தம் குடுக்க மாட்டா."

"கன்ஹாகிட்டயாவது?"

"கன்ஹாவ இன்னிக்கு என் பாயில போட்டுக்கறேன். அவளுக்கு அது போதும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை மாதம் ஊர் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தவள். ஆற்றின் பாதி வரைக்கும் வாதாடினேன். அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை. கரை வரும்போது சரி என்றேன், ஆனால் கூட வருவேன் என்றேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக யோன் அண்ணன் வீட்டுப் படியேறினாள்.

அவர் ஊஞ்சல் வலையில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு தாத்தா."

"என்ன?"

"நீங்களும் சொக்னி அக்காவும் நாளைக்கு என்கூட வந்து ரத்தம் குடுங்க. குடுத்தப்புறம் என்னோடத சொல்றேன்."

"இது என்ன வியாபாரம்? இருக்கா, இல்லையா, ஒரு வார்த்த."

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ சொல்லு. ஒனக்குத்தான் வாய் நிக்காதே."

நான் கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அதுதான் கஷ்டமான வேலை. நல்ல சேதியை நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து பாருங்கள், தெரியும்.

என் வாயே மூடியிருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மாலிஸை மேலும் கீழும் பார்த்தார். தன் முட்டியைத் தடவினார். தடவிய கையை எடுத்துவிட்டார்.

"கெட்ட சேதியா, மவளே?"

"ரத்தம் குடுங்க தாத்தா. சொல்றேன்."

"நான் வரேன்" என்றது ஒரு குரல். சொக்னி உள்ளேயிருந்து வந்து கதவில் நின்றாள். அன்றைக்கு அவள் முகமும் தெரிந்தது. "அப்பா வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நான் ரொம்ப நாளா வரணும்னு இருக்கேன்."

மறுநாள் படகில் நாங்கள் நான்கு பேர். யோன் அண்ணன் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வழி முழுக்க யாரையும் பார்க்கவில்லை.

அவருக்கு இல்லை. சொக்னிக்கு இருந்தது. கணவனிடமிருந்து வந்ததா, டப்பாவிலிருந்து வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இப்போதாவது தெரிந்ததே, மாத்திரை தொடங்கினால் நன்றாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. சொக்னி அழுதுகொண்டே எப்போது சாப்பிட வேண்டும், சோற்றுக்கு முன்பா பின்பா என்று கேட்டாள். மாலிஸ் அவள் முதுகில் கை வைத்து எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை சொல்லிக்கொடுத்தாள். இதையெல்லாம் நான் இங்கே சொல்வது சொக்னி சொல்லச் சொன்னதால்தான்.

திரும்பப் படகேறும் முன், ஆஸ்பத்திரிக் கரைப் படித்துறையில் யோன் அண்ணன் கேட்டார்: "ஒனக்கு?"

"எனக்கு இல்ல தாத்தா."

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

அவர் சேற்றுப் பலகையில் நின்றுகொண்டு மாலிஸைப் பார்த்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படகில் ஏறினார்.

அன்றிலிருந்து இன்றுவரை அவர் மாலிஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம்தான் ஊசி போட்டுக்கொள்கிறார், வாலை வாங்கிக்கொள்கிறார், வாயைத் திறப்பதில்லை. என்னையும் தங்கச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு தடவை மாலிஸ் சொக்னியை மோட்டார் சைக்கிளில் படித்துறைக்கு ஏற்றிப் போகிறாள். சொக்னி சதை போட்டுவிட்டாள், இப்போது வண்டி அமுங்குகிறது. கிளம்பும் நேரம் யோன் அண்ணன் வாசலுக்கு வருவார். குனிந்து பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். காற்று குறைவாக இருந்தால், உள்ளே போய் பம்பை எடுத்துக்கொண்டு வருவார்.